நான்காவது லாட ஆணி

1986 பிப்ரவரி 11, செவ்வாய்

முப்பத்தேழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

காலைத் தபாலில் தோர்ன்பெக் குதிரைப் பந்தயக் குழுவின் கடிதம். தோர்ன்பெக் கோப்பைக்கு அடுத்த வருஷம் ஏப்ரலில் நூற்றைம்பது வயது ஆகிறதாம். அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டுமாம். ஊரில் முறையாக வரலாறு படித்தவர் நீங்கள்தான், எழுதித் தர முடியுமா, மே மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று கேட்டுத் தலைவர் ஹ்யூகோ ஃபெதர்ஸ்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

என்னிடம் கேட்கிறார்கள். டிக் ஹெப்பிளின் மகனிடம். ஃபெதர்ஸ்டனுக்கு ஞாபக மறதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரிந்தவன் வேறு எவனும் இல்லை.

ஒப்புக்கொள்ளப் போகிறேன். 1949-ஐ நான் எழுதுவேன். அட்டையில் அல்வின் ஹெப்பிள் என்று பெரிய எழுத்தில் இருக்கும். டர்ஹாமில் என் ஆய்வை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என் பேராசிரியர். இருபத்தாறு வருஷம் பாடம் நடத்திய பள்ளியில், தலைமை ஆசிரியர் நாற்காலியைக் கால்பந்து வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதுவரை என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு முறை. விவாகரத்து அறிவிப்பில்.

பிப்ரவரி 13, வியாழன்

1949-ஐ ஒரு முறை முழுதாக எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் கோபம் கலையாமல் நிற்கிறது.

எங்கள் மைதானம் சிறியது, ஒரு சுற்றுக்கு ஆறு ஃபர்லாங், முக்கால் மைல்தான். கோப்பைக்கு மூன்றரைச் சுற்று ஓட வேண்டும். வேகக் குதிரைகளுக்கு இங்கே வேலையில்லை. கடைசிவரை மூச்சைக் கையில் வைத்திருக்கும் குதிரைதான் ஜெயிக்கும். பின்பக்கத்தில் புறப்படுபவர்கள் முடிவுக் கம்பத்தை நான்கு முறை கடப்பார்கள். மூன்றாவது முறை கடக்கும்போது கம்பத்தை ஒட்டிய குடிலில் மணி அடிக்கும். இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி என்பதற்கு அடையாளம்.

அப்பா, ஊர் டிக் என்று கூப்பிட்ட ரிச்சர்ட் ஹெப்பிள், ஜாக்கி. அந்த வருஷம் அவர் ஏறியது வின்டர் வீட் என்ற பெண்குதிரையில். எல்லோரும் ஜெயிக்கும் என்று நம்பிய குதிரை. பந்தயம் தொடங்கும் நேரத்தில் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து மைதானத்தை மூடிக்கொண்டது. மூன்றாவது முறை கம்பத்தைக் கடந்தபோது அப்பா ஆறு குதிரை நீளம் முன்னால் இருந்தார். அங்கேயே பந்தயம் முடிந்ததென்று நினைத்து, அங்கவடியில் எழுந்து நின்று, கடிவாளத்தைத் தளர்த்தி, குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். மற்ற ஏழு குதிரைகளும் அவரைத் தாண்டிப் பனிக்குள் போய் மறைந்தன.

விஷயம் புரிந்ததும் அப்பா குதிரையை மறுபடி விரட்டி, அந்தக் கடைசிச் சுற்றைத் தனியாக ஓடி முடித்தார். ஜெயித்த குதிரையை அதற்குள் லாயத்துக்கே கூட்டிப் போய்விட்டார்கள். அது பழைய ஃபெதர்ஸ்டனின் குதிரை. இப்போதைய தலைவரின் அப்பா. அன்றைக்கு அவர்தான் குழுத் தலைவர்.

அப்பா தனியாக வரும்போது பனிக்குள்ளிருந்து எவனோ கத்தினானாம்: “இன்னும் ஒரு சுத்து இருக்கு ஹெப்பிள்!”

அப்பாவின் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். முட்டாள் என்றது பாதி ஊர், விலைபோனவன் என்றது மீதி ஊர். பதின்மூன்று வருஷம் நிலக்கரிக் கிடங்கில் மூட்டை தூக்கிச் செத்தார். அந்தக் கத்தல் மட்டும் சாகவில்லை. ஒவ்வொரு வருஷமும் கோப்பையன்று குதிரைகள் மூன்றாவது முறை கம்பத்தைத் தாண்டும்போது மைதானமே சேர்ந்து கத்துகிறது. வெளியூர்க்காரர்கள் ஏதோ பழைய சம்பிரதாயம் என்று நினைத்துத் தாங்களும் சேர்ந்துகொள்கிறார்கள். நான் வாத்தியாராகப் பள்ளிக்குள் நுழைந்த முதல் நாள் கரும்பலகையில் எழுதியிருந்ததும் அதுதான்.

சாகும் முன் அப்பா ஒன்று சொன்னார். “மணி அடிச்சுதுடா. ரெண்டாவது தடவையிலயே அடிச்சுது.” யார் அடித்தது என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

யார் அடிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எவன் குதிரை ஜெயித்ததோ அவன்.

எழுதியதில் பைப் அணைந்துவிட்டது. அப்பாவின் புகையிலை டப்பாவில் கிடந்த லாட ஆணியால்தான் இருபத்துநாலு வருஷமாக இந்தப் பைப்பைச் சுரண்டுகிறேன். கொண்டையில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். வின்டர் வீட் குதிரையின் லாடத்திலிருந்து கழற்றியதாக இருக்கலாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா மேவிஸ் லீட்ஸிலிருந்து போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“டேய், நீ வரலாறு எழுதப் போறியா, கேஸ் போடப் போறியா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப ஒரு வக்கீலப் புடி. வாத்தியார் எதுக்கு?”

கிறிஸ்துமஸ் வாத்தை ஞாபகப்படுத்தினேன். அப்பாவின் வேலை போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் பின்வாசலில் இறகு பிடுங்கிய பெரிய வாத்து ஒன்று துணியில் சுற்றிக் கிடக்கும். சீட்டும் இருக்காது, பெயரும் இருக்காது. பழைய ஃபெதர்ஸ்டனின் குற்ற உணர்ச்சி அது. எனக்கு அப்போதே தெரியும். நான் ஒரு துண்டுகூடத் தொட்டதில்லை, உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டேன்.

“நீ தொடாம இருந்ததுல எனக்குக் கால் ரெண்டும் கெடைச்சுது” என்றாள் மேவிஸ். வேறேதோ சொல்ல வந்தவள், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

மைதான அலுவலகத்தில் பழைய காகிதங்கள். எலி தின்றது போக மிச்சம்.

1837-இல் தொடங்கியிருக்கிறது. இரண்டு கம்பளி வியாபாரிகள், யார் குதிரை அதிக தூரம் தாங்கும் என்று சண்டை. இரண்டில் ஒன்று நிற்கும்வரை ஓட வேண்டும். ஜெயித்த குதிரை பந்தயம் முடிந்ததும் தன் எஜமான் வீடுவரை நடந்தே போய்ச் சேர வேண்டும், வழியில் படுத்துவிட்டால் கோப்பை மற்றவனுக்கு. முதல் வருஷம் இரண்டு குதிரையும் வழியில் படுத்துவிட்டன. கோப்பையைச் சர்ச்சில் வைத்தார்கள்.

1861-இல் ஏப்ரல் கடைசியில் பனி கொட்டியும் ஓடியிருக்கிறார்கள். 1880-இல் நான்கு மைலை இரண்டு மைல் ஐந்து ஃபர்லாங்காகக் குறைத்தார்கள், ஊர் உருப்படாமல் போகும் என்று பாதிரியார் எச்சரித்தார். 1891-இல் ஒரே ஒரு குதிரைதான் வந்தது. விதிப்படி அது தனியாக மூன்றரைச் சுற்றும் நடந்து கோப்பையை வாங்கிக்கொண்டது. நல்ல மழையாம். பார்த்தவர்கள் பதினொரு பேர்.

இதையெல்லாம் எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை.

மார்ச் 5

நாள் முழுக்கத் தூசித் தும்மல்.

மார்ச் 19, புதன்

கிடைத்தது. 1949 விசாரணைக் குறிப்பு, ஒரே பக்கம்.

“மணி இரண்டு முறை அடித்ததாகச் சாட்சிகள் இருவர் கூறினர். பனிமூட்டத்தில் எழுந்த எதிரொலி என்று குழு கருதுகிறது. மூன்றாவது கடப்பில் மணி முறையாக அடிக்கப்பட்டதை நடுவர் உறுதி செய்தார். ஜாக்கி ஹெப்பிள் தன் தரப்பில் சொல்ல எதுவுமில்லை என்றார்.”

எதிரொலியாம். ஒரு சுற்று முன்னால் வந்த எதிரொலி.

ஆனால் சொல்ல எதுவுமில்லை என்று அப்பா ஏன் சொன்னார்? பயமா? அவர் பயந்து நான் பார்த்ததில்லை. மிரட்டியிருப்பார்கள். வேறென்ன?

ஏப்ரல் 3, வியாழன்

ஃபெதர்ஸ்டன் வீட்டுக்குப் போனேன். குறிப்பின் நகலை மேஜைமேல் வைத்தேன்.

“உக்காருங்க ஹெப்பிள். நாய் ஒண்ணும் பண்ணாது, அதுக்குப் பல்லே கெடையாது.”

உட்காரவில்லை. உங்கள் அப்பாதான் மணியை முன்னால் அடிக்க வைத்தார், அதை எழுதப் போகிறேன் என்றேன். அவர் கோபப்படுவார் என்று தயாராக வந்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குறிப்பை இரண்டு முறை படித்தார்.

“எங்கப்பா பொல்லாத மனுஷன். இல்லேங்கல. ஆனா மூணு சுத்துக்கு மேல அவரால எண்ண முடியாது. திட்டமெல்லாம் போட அவருக்குத் தெம்பு பத்தாது.” பிறகு சொன்னார்: “வேணும்னா அந்த வருஷத்துக்கு ஜெயிச்ச குதிரை பேரு, எடை, நேரம் மட்டும் போட்டுடுங்க. உங்கப்பா பேரே வரவேண்டாம். நான் ஒத்துக்கறேன்.”

இதை எனக்குக் காட்டும் கருணை என்று நினைக்கிறார். என் அப்பாவை இரண்டாவது முறையும் பனிக்குள் அனுப்பப் பார்க்கிறார்.

முடியாது என்றேன்.

“அப்ப அன்னிக்கு மைதானத்துல வேலை பாத்த யாராவது சொல்லட்டும், கையெழுத்துப் போடட்டும். ஒரு எழுத்து மாத்தாம அச்சடிக்கறேன். நீங்க சொன்னா அது மகன் சொன்னது. இந்த ஊரு எப்படிச் சிரிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

வாசல்வரை வந்து குடை கொடுத்தார். வாங்கவில்லை. நனைந்தேன்.

ஏப்ரல் 12, சனி

அன்று வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது ஒருவர்தான், சிரில் டாட். மைதானக் காவலாளியாக இருந்தவர், மணிக்குடிலும் அவர் பொறுப்பு. அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே நண்பர். எண்பத்தொரு வயது, இப்போது கடற்கரைச் சாலை முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும்.

“வாடா தம்பி. உங்கப்பன் மூக்கு அப்படியே இருக்கு. அவன் சிரிப்புதான் காணோம்.”

பழைய ஃபெதர்ஸ்டன்தானே மணியை முன்னால் அடிக்கச் சொன்னார், நீங்கள் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். அவர் தன் கால் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

“கோப்பை எப்போ?”

“இருபத்தாறாம் தேதி, மாமா.”

“என்னைக் கூட்டிட்டுப் போ. பந்தயம் முடிஞ்சதும் சொல்றேன். இங்க வெச்சு வேண்டாம். இங்க எல்லாருக்கும் காது கேக்காது, ஆனா எல்லாரும் ஒட்டுக் கேப்பாங்க.”

இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். முப்பத்தேழு வருஷம் காத்திருந்தவனுக்கு இது பெரிதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். தூக்கம் வருவதில்லை.

ஏப்ரல் 26, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

நல்ல வெயில். சிரில் மாமாவைச் சக்கர நாற்காலியில் கம்பிவேலிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். எதிரே மணிக்குடில், புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பத்து குதிரைகள். முதல் இரண்டு சுற்றும் அவர் குதிரைகளைப் பார்க்கவே இல்லை, குடிலின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை குதிரைகள் கம்பத்துக்கு வந்தன. மணி அடித்தது. மைதானம் முழுக்க எழுந்து, சிரித்துக்கொண்டே, குடித்துக்கொண்டே கத்தியது: “இன்னும் ஒரு சுத்து இருக்கு ஹெப்பிள்!”

எனக்குப் பழக்கம். பற்களை இறுக்கிக்கொள்வேன், முடிந்துவிடும். குனிந்து பார்த்தால் சிரில் மாமா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

யார் ஜெயித்தது என்று தெரியாது. நாளைப் பேப்பரில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

காரில் உட்கார வைத்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முழங்கால்மேல் விரித்தார். உள்ளே மூன்று லாட ஆணிகள். கொண்டையில் வெள்ளைப் பெயிண்ட்.

“குடிலுக்குள்ள இருட்டு. பெயிண்ட் அடிச்சா கண்ணுக்குத் தெரியும்னு வெச்சிருந்தேன். மொத்தம் நாலு. பந்தயத்துக்கு முன்னாடி ஜன்னல் கட்டையில வரிசையா வெப்பேன். ஒவ்வொரு தடவ குதிரை தாண்டும்போதும் ஒண்ண எடுத்துப் பாக்கெட்டுல போடுவேன். ஒண்ணே ஒண்ணு மிச்சம் நின்னா, மணி. அந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து எண்ணிக்கை தப்பினதே இல்ல தம்பி. ஏன்னா நான் எண்ணவே மாட்டேன். ஆணி எண்ணிக்கும்.”

கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

“அன்னிக்கு உங்கப்பன் குதிரை ஏறப் போறதுக்கு முன்னாடி ஜன்னல்ல தலைய விட்டான். ‘சிரில், ஒரு ஆணி குடுறா, அதிர்ஷ்டத்துக்கு பூட்ஸுல போட்டுக்கறேன்’னான். கட்டையில இருந்து ஒண்ண எடுத்துக் குடுத்தேன். வேற ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள பனி ஏறிடுச்சு, நடுவர் குதிரை தெரியலேன்னு கத்த ஆரம்பிச்சுட்டாரு. மறந்துட்டேன்.”

மூன்று ஆணிகள். இரண்டாவது முறை குதிரைகள் கடந்தபோதே ஒன்றுதான் மிச்சம் நின்றிருக்கிறது. அவர் மணி அடித்தார். அப்பா அதைக் கேட்டு, இன்னும் ஒரு சுற்றுதான் என்று குதிரையை விரட்டினார்.

“மூணாவது தடவ நடுவர் ‘மணி எங்கடா மடையா’ன்னாரு. அவருக்குக் காது மந்தம், நான் மொதல்ல அடிச்சது அவருக்குக் கேக்கவே இல்ல. திரும்ப அடிச்சேன். பின்னால வந்தவங்க அதக் கேட்டு ஓட்டிட்டாங்க. உங்கப்பன் முன்னால இருந்தானே, அவன் அதுக்குள்ள எந்திரிச்சு நின்னுட்டான்.”

“விசாரணையில ஏன் சொல்லலை?”

“சொல்லத்தான் போனேன். வாசல்ல உங்கப்பன் நின்னான். பூட்ஸக் கழட்டி ஆணிய எடுத்துக் காட்டுனான். ‘இது எங்கிட்ட இருந்துச்சுடா. உன்மேல எப்படிப் பழி போடறது? உன் வீடு மைதானத்து வீடு, வேலை போனா வீடும் போயிடும், மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்க போவ? எண்ண வேண்டியது ஜாக்கி. நான் எண்ணல. போ, போய் வேலையப் பாரு’ன்னான். நானும் போயிட்டேன். போயிட்டேன் தம்பி, அதான்.”

என் கோட்டுப் பையில் பைப்பும் ஆணியும் இருந்தன. விரல் ஆணியைத் தொட்டுக்கொண்டே இருந்தது. வெளியே எடுக்கவில்லை. அவருக்கு அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இல்லத்து வாசலில் தாதியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏப்ரல் 27

வெறுக்க ஆளில்லாமல் எழுந்த முதல் காலை. கால் ஊன்ற இடம் தெரியவில்லை.

ஏப்ரல் 30, புதன்

முப்பத்தேழு வருஷம் முடிந்த நாள்.

யாரிடம் கோபப்படுவது என்று தாளில் எழுதிப் பார்த்தேன். சிரில் மாமா: மறந்தார். எல்லோரும் மறக்கிறார்கள், நான் என் திருமண நாளை இரண்டு முறை மறந்தேன். பிறகு பயந்தார். அப்பா: அவர்தான் ஆணியை எடுத்தவர், வாயை மூடச் சொன்னவர். அது பெருந்தன்மை என்று ஊர் சொல்லலாம். அம்மா நிலக்கரித் தூசி படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே போனாள், அவளிடம் யார் கேட்டார்கள்? என்னிடம் யார் கேட்டார்கள்? பள்ளிக்கூடத்தில் அந்தக் கத்தலைக் கேட்டவன் நான். இன்னொருவன் வீட்டுக்கு என் பெயரைக் கூரையாகப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாயே அப்பா—

போதும். பழைய ஃபெதர்ஸ்டனைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த ஒன்பது பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். நல்ல உரைநடை. என் வாழ்நாளில் அதைவிட நன்றாக எழுதியதில்லை. ஒரு வரி உண்மையில்லை.

மே 4, ஞாயிறு

மேவிஸ் போனில். எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஆணி விஷயம் எனக்குத் தெரியாதுடா. சத்தியமா. ஆனா வாத்து யார் வெச்சதுன்னு தெரியும். ஒரு தடவ பின்கதவத் தொறந்தேன், சிரில் மாமா வேலி தாண்டி ஓடறாரு. மைதானத்துக்குப் பின்னால வாத்து வளத்தாருல்ல.”

“இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?”

“நீ கேக்கவே இல்லையே. நீ எப்பவுமே விடையச் சொல்லிட்டுத்தான் கேள்வி கேப்ப.”

வாத்தியாரைப் பற்றி இதைவிட மோசமாக ஒன்று சொல்ல முடியாது.

மே 9, வெள்ளி

முதியோர் இல்லம். சிரில் மாமா இன்னும் சிறுத்துப்போயிருந்தார். நான் வரமாட்டேன் என்று நினைத்தாராம், தாதி சொன்னாள்.

தேநீர்த் தட்டில் என் ஆணியை வைத்தேன். அவர் மெதுவாகக் கைக்குட்டையை எடுத்து மற்ற மூன்றையும் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

“இத வெச்சு இத்தன நாளு என்னடா பண்ணிட்டிருந்த?”

“பைப் சுரண்டினேன்.”

முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வந்து, தாதி ஓடிவந்து முதுகைத் தட்டும்வரை சிரித்தார். “டிக் கேட்டிருக்கணும். டிக் இதக் கேட்டிருக்கணும்டா.”

வாத்துகளுக்கு நன்றி சொன்னேன். நான் சாப்பிட்டதில்லை என்பதையும், ஏன் என்பதையும்.

“ஃபெதர்ஸ்டன் வாத்துன்னா நெனச்ச? அடப்பாவி. அவங்க வீட்டு வாத்த நீ பாத்திருக்கியா? வெறும் எலும்பு. என் வாத்தப் போய் அதோட சேத்தியே.” உண்மையிலேயே வருத்தப்பட்டார். மணி விஷயத்தைவிட இதற்குத்தான் அதிகம் என்று தோன்றியது.

மணி தவறுதலாக முன்னால் அடித்தது என்று மட்டும் எழுதுகிறேன், யார் அடித்தது என்று வேண்டாம் என்றேன். இதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆகியிருந்தது.

“என் பேரப் போடு. சிரில் டாட்னு முழுசாப் போடு. வருஷா வருஷம் அந்தக் குடிலுக்குள்ள நின்னு, மணியையும் நானே அடிச்சுட்டு, அவனுங்க கத்தறதையும் கேட்டேன். ஒரு வருஷமாவது என் பேரச் சொல்லிக் கத்தட்டும்.”

தாளில் கையெழுத்துப் போட்டார். தாதி சாட்சி. ஆணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். கேட்கவில்லை.

மே 21, புதன்

1949-க்கு நான்கு வரி. பத்து நாளாக எழுதி, அடித்து, எழுதியது. இதோ:

“கடல் பனி. மணியடிப்பவர் சிரில் டாட் சுற்றுகளைக் கணக்கிட வைத்திருந்த நான்கு ஆணிகளில் ஒன்றை, பந்தயத்துக்கு முன் அதிர்ஷ்டத்துக்காக ஜாக்கி ரிச்சர்ட் ஹெப்பிள் கேட்டு வாங்கிச் சென்றார். அதனால் மணி ஒரு சுற்று முன்னதாக அடித்தது. முன்னணியில் இருந்த ஹெப்பிள் அந்த மணியை நம்பி வின்டர் வீட் குதிரையை நிறுத்தினார். பின்னர் மீதிச் சுற்றைத் தனியாக ஓடி முடித்தார்.”

கோபம் இல்லை, வாதம் இல்லை. ‘அப்பா’ என்ற சொல்லும் இல்லை. வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது.

மே 26

கடைசி அத்தியாயம் முடிந்தது. 212 பக்கம். முதுகு விட்டுப்போகிறது.

மே 30, வெள்ளி

தலைப்புப் பக்கத்தைக் காலையில் தட்டச்சு செய்தேன். தோர்ன்பெக் கோப்பை: நூற்றைம்பது ஆண்டு வரலாறு. கீழே, எழுதியவர் அல்வின் ஹெப்பிள். இயந்திரத்திலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மதியம்வரை மேஜைமேலேயே வைத்திருந்தேன்.

மகன் சொன்னால் அது மகன் சொன்னது என்றார் ஃபெதர்ஸ்டன். அவர் சொன்னது சரியாக இருப்பது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அட்டையில் ஹெப்பிள் என்று இருந்தால் இந்த ஊர் முதலில் 1949-ஐத்தான் புரட்டும். புரட்டிப் படித்துவிட்டு, “பின்ன, அவன் வேற என்ன எழுதுவான்” என்று கண்ணடித்துக்கொள்ளும். அந்த நான்கு வரியும் அங்கேயே செத்துப்போகும். யார் எழுதியது என்று தெரியாவிட்டால் அது மைதானமே சொன்னதாக இருக்கும்.

பைப் அடைத்துக்கொண்டது. பையில் கைவிட்டேன், ஆணி இல்லை. தீக்குச்சியால் சுரண்டிப் பார்த்தேன், குச்சி ஒடிந்தது.

தலைப்புப் பக்கத்தை மீண்டும் தட்டச்சு செய்தேன், இந்த முறை தலைப்பு மட்டும். சிரில் மாமாவின் கையெழுத்துத் தாளைப் பிரதிக்கு மேல் வைத்தேன். எழுதியவர் பெயர் எங்கும் போடத் தேவையில்லை என்று ஃபெதர்ஸ்டனுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதன் அடியில் கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவன், எடுத்துவிட்டேன்.

தபால் நிலையம் ஐந்தரைக்கு மூடும். மணி ஐந்து. பெயரில்லாமலே அனுப்பிவிடுகிறேன்.